தகவற் காவலரும் அவர்தம் உயர்ச்சியும்

சேலத்தினின்று ஈரோடு நோக்கிச் செல்வார்க்குச் சங்ககிரிக் கோட்டையும், நாமக்கல்லை அடைவார்க்குப் பாறைமேற் கோட்டையும் தவறாது கண்ணிற் படும். அவற்றைக் காணுந்தோறும், வள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தை உள்ளிருப்போர் திறத்தைப் பேசியே முடித்தமை நம் நினைவுக்கு வருகின்றது.

இக்காலத்து அரண் கல்லாலாயதன்று. ஜவ்வரிசி ஆலையின் கணக்கும், லாரி வாடகையும், முட்டை வாணிகத்தின் கொடுக்கல் வாங்கலும் இன்று கணிப்பொறி வழியே நடைபெறுகின்றன. அவற்றைக் காப்போர் தகவற் பாதுகாப்பு ஊழியர். இவருள் புதியவர்க்குப் பயிற்சி உண்டு. தலைவர்க்குப் பெருமை உண்டு. ஐந்தாறு ஆண்டு உழைத்து இடைநிலையில் நிற்பாரையோ நினைப்பார் சிலரே. நாமறிந்த இராசிபுரத்து அண்ணன் ஒருவர், ஓர் அலுவலகத்தில் ஏழாண்டாக இரவெல்லாம் எச்சரிக்கைகளை நோக்கியிருக்கின்றார். மேற்பயிற்சிக்கு விடுப்புக் கேட்டார்; கிடைத்திலது.

இடைநிலையாளர் அத்துணை இன்றியமையாதவரோ எனின், கூறுதும். 2016 பிப்ரவரியில் வங்காளதேசத்து மைய வங்கியில், பணம் அனுப்பும் ஸ்விப்ட் செய்திகளைப் பதிக்கும் அச்சுப்பொறி நின்றுபோயிற்று. அஃது அன்றாடப் பழுதென்றே கருதப்பட்டது. உண்மையில் அது கள்வர் செய்கை. 8 கோடியே 10 இலட்சம் டாலர் பறிபோயிற்று. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலரோ, பெறுவோர் பெயரிலிருந்த ஓர் எழுத்துப் பிழையைக் கண்டு இடைவழி வங்கியினர் ஐயுற்று வினவியமையால் தப்பிற்று. 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலும் அச்சுப்பொறி முடக்கப்பட்டு, மூன்று பொய்யாணைகள் அயல்நாடுகட்குச் சென்றன. 7-ஆம் நாள் கணக்கை ஒப்பு நோக்கியபோதே அவை வெளிப்பட்டன.

பொறி ஏன் நின்றது என்று வினவும் மனமே காவலுக்கு உயிர். புதியவர் விதியை அறிவாரேயன்றி விதிவிலக்கை அறியார். தலைவரோ பொறிக்குச் சேய்மையில் இருக்கின்றார். ஆதலின் அம்மனம் இடைநிலையாளரிடத்தன்றோ வளர்தல் வேண்டும்? கணிப்பொறித் தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துள் தெரிவித்தல் வேண்டுமெனச் செர்ட்-இன் என்னும் நடுவண் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் ஆணையிட்டது. அச்சிறு பொழுதில் நிகழ்ந்ததை ஆராய்ந்து துணிந்து எழுதும் பொறுப்பும் பெரும்பாலும் இவரையே சாரும்.

இவர்க்கு வேண்டுவன மூன்றென்று நாம் கருதுகின்றோம். முதலாவது அகன்ற அறிவு. தாம் கையாளும் ஒரு கருவியோடு அமையாது, தாம் காக்கும் தொழிலின் கணக்கு முறையையும், 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கற்றல் வேண்டும். இரண்டாவது சொல்வன்மை. ஆலை முதலாளிக்கு இடரைத் தெளிந்த தமிழில் விளக்க இயலாத அறிவு, குடத்துள் விளக்கேயாம். தமிழ் பயில்வார்க்கும் இதில் பணியுண்டு. மூன்றாவது, முதலாளிமார் தரவேண்டுவது: வேலை நேரத்திற் கற்க ஓய்வும், இருவகை உயர்ச்சியும். ஆட்களை நடத்த விழைவார் மேலாளர் ஆகட்டும். தொழில் நுட்பத்தில் ஆழ விழைவார்க்கு அந்நெறியிலேயே நிகரான ஊதியமும் மதிப்பும் கிடைக்கட்டும். நல்ல தொழிலாளியை விருப்பமின்றி மேலாளராக்குதல் இருவகையினும் இழப்பாம்.

கற்பித்தால் பெங்களூர்க்குப் போய்விடுவரே என்று அஞ்சுவார் உளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. சிலர் போகவே செய்வர். ஆயினும் ஊரை விடுத்துச் செல்வதில் எல்லார்க்கும் விருப்பமில்லை. 2024-இல் சேலத்தில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது; வீட்டுக்கு அணித்தாகவே தொழில் செய்யும் வாய்ப்பு முன்னினும் மிக்குள்ளது. அண்மையில் வேலையும், அவ்வேலையில் வளர்ச்சியும் ஒருங்கே அமையின் பலர் இங்கேயே தங்குவர் என்பது நம் துணிபு.

இராசிபுரத்து அண்ணன் கேட்டது ஒரு வார விடுப்பே. அதனை மறுப்போர், நின்றுபோன அச்சுப்பொறிகளை நினைத்துப் பார்ப்பாராக.