களிறும் ஆவுளியாவும்



யானையை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. களிறு, பிடி, வேழம், கயம் என நம் மொழி அதற்குச் சூட்டியுள்ள பெயர்கள் பல. ஆனால் ஆவுளியா என்றால் நம்மில் எத்துணை பேருக்குத் தெரியும்? பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் கடற்பசுவுக்கு அக்கரையோர மீனவ மக்கள் வழங்கும் பெயர் அது. காட்டு விலங்கையும் கடல் விலங்கையும் ஒப்பிடுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

முதலில் வேற்றுமைகளைக் காண்போம். வளர்ந்த ஆண் யானை 4,000 கிலோ வரையும், அதற்கு மேலும் எடையுள்ளது. ஆவுளியாவோ ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் கொண்டது. யானைக்குத் தூண் போன்ற நான்கு கால்கள். ஆவுளியாவுக்கு முன்னங்கால்கள் துடுப்புகளாகிவிட்டன, பின்னங்கால்கள் மறைந்தே போயின. யானை துதிக்கையால் தழை பறிக்கும். ஆவுளியா தடித்த மேலுதட்டால் கடலடியிலுள்ள புல்லை வேரோடு பறித்து மேயும். மூத்த பெண் யானையின் பின்னே கூட்டம் நடக்கும். ஆவுளியாவோ நம் கடலில் பெரும்பாலும் தனித்தோ, தாயும் கன்றுமாகவோ திரியும்.

ஆயினும், இவை இரண்டும் உறவினம் என்பது விலங்கியலார் கண்ட உண்மை. ஆவுளியா திமிங்கிலத்தைவிட யானைக்கே நெருக்கமானது. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இவற்றின் முன்னோர் ஒன்றாக இருந்தனர். நம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியாகக் கிடக்கும் பண்டைய காடுகள் மண்ணில் புதையும் முன்னரே அக்குடும்பம் பிரிந்துவிட்டது. உறவின் அடையாளங்கள் இன்றும் உள்ளன. ஆண் ஆவுளியாவுக்கும் சிறு தந்தம் முளைக்கும். இரண்டிலும் தாயின் முலைகள் முன்னங்கால்களின் அருகில் உள்ளன. இரண்டும் பொதுவாக ஒரு முறைக்கு ஒரு கன்றே ஈனும். யானையின் கர்ப்பகாலம் சுமார் 22 மாதம். ஆவுளியாவுக்கு ஓராண்டுக்கு மேல். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே ஆண்டுகள் பல கழியும்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. மெல்லப் பெருகும் இனத்தில் ஒரு தாய் மாண்டால் அந்த இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் ஆகும். ஆவுளியாவின் இனத்தைச் சேர்ந்த மாபெரும் கடற்பசு ஒன்றை 1741இல் ஸ்டெல்லர் என்னும் இயற்கையறிஞர் வட பசிபிக் கடலில் கண்டு எழுதி வைத்தார். வேட்டையாடிய மனிதர், 1768க்குள், அதாவது 27 ஆண்டுகளில், அதனைப் பூண்டோடு அழித்துவிட்டனர்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன; உடனிருந்த இரு குட்டிகள் தவித்து நின்றன. மின்சாரம் உற்பத்தி செய்யும் ஊராரான நமக்கு அச்செய்தி கூடுதலாக உறுத்த வேண்டும். நாடே அதற்கு வருந்தியது. ஆவுளியாவோ மூச்சு வாங்கச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சடைத்துச் சாகும். அந்தச் சாவைக் காண்பார் இல்லை. யானை தமிழகத்தில் 2023 கணக்கெடுப்பில் 2,961 இருந்தது. ஆவுளியாவோ இந்தியக் கடல் முழுவதிலும் சில நூறே இருக்கும் என மதிப்பிடுகின்றனர்.

2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நற்செயலே. ஆயினும் ஆவுளியாவின் உயிர் இறுதியில் மீனவர் ஒருவரின் கையில்தான் இருக்கிறது. சிக்கிய விலங்கை விடுவிக்க அவர் தம் வலையை அறுத்தாக வேண்டும். அந்த வலை அவர் குடும்பத்தின் சோறு. அவ்வாறு விடுவித்த மீனவர்கள் பாராட்டும் பரிசும் பெற்றதுண்டு. பாராட்டு மட்டும் போதாது. அறுந்த வலையின் விலையைச் சமுதாயம் ஏற்பதே நீதி. காப்பது அனைவருக்கும் நன்மை. இழப்பு மட்டும் ஏழைக்கு என்பது அறமாகாது.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு யானைக் கதை சொல்லும் இரவில், கடலுக்குள் வாழும் அதன் உறவினத்தைப் பற்றியும் ஒரு கதை சொல்லுங்கள். பெயர்கூடத் தெரியாத ஒன்றுக்காக யாரும் வலையை அறுக்க மாட்டார்கள். அறுத்தவருக்கு ஈடுகொடுக்கவும் முன்வர மாட்டார்கள்.