முதல்ல காலைப் பாருங்க சாமி!

மரத்துல உக்காந்திருக்கற ஒரு பருந்தைப் போட்டோ எடுத்துட்டு "இது என்ன பறவை?"ன்னு கேக்கறவங்க மேல எனக்குக் கோபமே இல்லைங்க. கேட்ட அரை நிமிஷத்துல "ராஜாளி"ன்னு அடிச்சு விடறாங்களே, அவங்க மேலதான் கோபம். வளைஞ்ச மூக்கோட, கொஞ்சம் பெருசா எது உக்காந்தாலும் நம்மூர்ல அது ராஜாளி. பேப்பர்ல வந்துட்டா "அரிய வகை கழுகு". படத்தைப் பார்த்தா, மீன் மார்க்கெட் மேல தினமும் வட்டம் போடற கரும்பருந்து!

பேர்தானே, மாத்திச் சொன்னா என்ன குடி முழுகிடுச்சுன்னு கேப்பீங்க. சொல்றேன்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்க மாமாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருநாள் போன் பண்ணினார். "மாப்ள, கோழி தூக்கற கழுகு ஒண்ணு மூணு நாளா புளியமரத்துலயே உக்காந்திருக்குது. பசங்க உண்டிவில்லோட நிக்கறாங்க. அடிச்சு வெரட்டிரலாமா?" கூடவே வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ. பழுப்பு நிறம், தலைக்குப் பின்னாடி சின்னதா ஒரு கொண்டை. வீட்ல ஆளுக்கொரு பேர் சொல்லியாச்சு. படத்தைப் பார்த்து பேர் சொல்ற ஆப்ல யாரோ போட, அது குடுமிக் கழுகுன்னு சொல்லிடுச்சாம். குடுமிக் கழுகு நிஜமாவே கோழி தூக்கும். அப்புறமென்ன, தீர்ப்பு எழுதியாச்சு.

"மாமா, கல்லெறிய வேண்டாம்னு சொல்லுங்க. கால் தெரியற மாதிரி ஒரு படம் அனுப்புங்க"ன்னேன். "கோழிக்குப் பதில் கேட்டா காலைக் கேக்கறியே"ன்னு திட்டிக்கிட்டேதான் அனுப்பினார்.

கால் மஞ்சளா, மொழுக்குன்னு இருந்துச்சு. குடுமிக் கழுகுக்குக் கால்ல இறகு விரல் வரைக்கும் இறங்கியிருக்கும், பைஜாமா போட்ட மாதிரி. இது பைஜாமா போடலை. தலை பார்த்தா உடம்புக்குப் பொருத்தமே இல்லாம புறாத் தலை மாதிரி சின்னது, கழுத்து நீளம். ஆக, தேன்பருந்து. "பக்கத்துல குளவிக்கூடோ தேனடையோ இருக்கா மாமா?"ன்னு கேட்டேன். கிணத்து மேட்டுல பெரிய தேனடை இருந்துச்சு. அதுக்குத்தான் அய்யா மூணு நாளா காத்துக்கிடந்தார். அவர் முக்கியமா சாப்பிடறது தேனீ, குளவியோட புழுக்கள். கொட்டு தாங்கறதுக்காக முகத்துல செதில் மாதிரி நெருக்கமா சின்னச் சின்ன இறகு வேற. அந்த ஆளுக்குக் கோழித் திருட்டுப் பட்டம்! (எதுவா இருந்தாலும் அடிக்கக்கூடாதுங்கறது வேற விஷயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. ஆனா உண்டிவில் வச்சிருக்கற பையன்கிட்ட சட்டம் பேசினா எடுபடாது, தேன் தின்னின்னு சொன்னா எடுபடும்.)

இதுல வேடிக்கை என்னன்னா, தேன்பருந்துல வெளிர் நிறம், செம்பழுப்பு, கிட்டத்தட்ட கறுப்புன்னு ஒவ்வொண்ணும் ஒரு நிறத்துல இருக்கும். குடுமிக் கழுகு மாதிரி வேஷம் போட்டாதான் மத்த பெரிய பறவைங்க பயந்து ஒதுங்கும், அதனாலதான் இப்படின்னு சில ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அப்போ ஆப் ஏமாந்ததுல தப்பே இல்லை. ஏமாத்தறதுதானே அதோட பொழப்பே!

அதனாலதான் நிறத்தைக் கடைசியா பாருங்கன்னு கரடியா கத்தறேன். சின்ன வயசுல செம்பருந்துக்கும் வெள்ளைத்தலை கிடையாது. பழுப்பா, கரும்பருந்து மாதிரியேதான் இருக்கும். அப்போ வாலைப் பாருங்க. கரும்பருந்துக்கு நடுவுல லேசா பிளவு, செம்பருந்துக்கு உருண்டையா முடியும்.

பறக்கற பருந்தைக் கண்டுபிடிக்கறதுக்குத்தான் எல்லாரும் சொல்லித் தர்றாங்க. இறக்கை அகலம், விரல் மாதிரி விரிஞ்ச நுனி, வட்டம் போடற விதம்னு. உக்காந்துட்டா அதெல்லாம் மடிச்சுப் பெட்டிக்குள்ள போயிடும். ஆனா பறக்கும்போது தெரியாத கண்ணும் தொண்டையும் காலும் அப்பத்தான் தெரியும். வல்லூறுக்கு தொண்டை நடுவுல ஒரே ஒரு கோடு. வெள்ளைக்கண் வைரிக்கு நடுவுல ஒண்ணு, கன்னத்துக்கு ஒண்ணா ரெண்டு, ஆக மூணு. ஆனா பேர்ல கண்ணு இருக்கேன்னு கண்ணை மட்டும் நம்பிடாதீங்க, குஞ்சுப் பருவத்துல அதுக்குக் கண் பழுப்பு. கொண்டைப் பாம்புக்கழுகுக்கு கண்ணுக்கும் அலகுக்கும் நடுவுல இறகே இல்லாம பளிச்னு மஞ்சள் தோல். தூரத்துலயே தெரியும்.

சில சமயம் அது பருந்தே இல்லை! அக்கா குயில் அச்சு அசல் வல்லூறு மாதிரியே சாம்பல் முதுகு, மார்புல கோடு, வால்ல பட்டையோட உக்காந்திருக்கும். மூக்குல கொக்கி இருக்கா, கால்ல நகம் பெருசா இருக்கான்னு பார்த்தாத்தான் குட்டு வெளிப்படும். தவிட்டுக்குருவிக் கூட்டுல முட்டை வைக்கற அம்மாவுக்கு இந்த வேஷம் நல்லாவே உதவும்.

எங்க உக்காந்திருக்குங்கறதும் பாதி விடை. காஞ்ச பொட்டல்ல கம்பத்து மேலயா, கரன்ட் கம்பியிலயா, ஏரி நடுவுல பட்டமரத்துலயா? ஏரின்னா விரால் அடிப்பானை மறந்துடாதீங்க.

ஆப் வேண்டாம்னு சொல்லலை, நானும் வச்சிருக்கேன். ஆனா அது ஒரு பேரைச் சொன்னதும் நாம பார்க்கறதை நிறுத்திடறோம், அதான் என் வழக்கு. பேர் கேக்கறதுக்கு முன்னாடி கால், தலை, தொண்டை, வால், இடம்னு நாலு வரி எழுதிப் பாருங்க. எழுதும்போதே பாதிப் பேர் அடிபட்டுப் போயிடும். அப்படியும் பிடிபடலைன்னா "பருந்து வகை, இனம் தெரியவில்லை"ன்னு எழுதறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. ஈபேர்ட்ல அதுக்குன்னே தனிப் பதிவு முறை வச்சிருக்காங்க. தப்பான பேரோட ஒரு பதிவு உள்ளே போனா, நாளைக்கு இந்தப் பக்கம் குடுமிக் கழுகு எத்தனைன்னு எண்ணறவர் தலையில நாம மண்ணைப் போட்ட மாதிரி.

மாமா இப்போ போன் பண்ணினா "கால் மொழுக்குன்னு இருக்குது மாப்ள"ன்னுதான் ஆரம்பிக்கறார். போன வாரம் அனுப்பின படத்துல காலை மறைச்சு ஒரு தென்னை மட்டை. வேற பக்கம் போய் நின்னு எடுக்கச் சொல்லியிருக்கேன்.