செருப்புத் தைக்கிறவனோட உயிர் எங்க போச்சு?

போன மாசம் சிதம்பரத்தில் ஒரு கருத்தரங்கு. மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷனில் காலைப் பாசஞ்சரைப் பிடித்து நானும் காலனிப் பையன்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். ரெண்டு பேரும் காலேஜ் படிக்கிறவர்கள். நோட்டீசில் ‘நாளைய மனிதன்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தார்கள். பேசியவர் நிறையப் படித்தவர், முற்போக்காளர், நமக்கு எதிரி இல்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. எதிரி பேசியிருந்தால் டீயைக் குடித்துவிட்டு வந்திருப்போம்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் கைகால் அசையாத ஒருவரின் மூளைக்குள் நியூராலிங்க் கம்பெனி சில்லு வைத்தது; அந்த ஆள் நினைத்தால் கம்ப்யூட்டரில் அம்புக்குறி நகர்கிறது. 2018இல் சீனாவில் ஹீ ஜியான்குய் என்கிற விஞ்ஞானி கருவிலேயே மரபணுவை வெட்டித் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்தார், அதற்காக ஜெயிலுக்கும் போனார். நாளைக்குக் கண், காது, தசை, ஞாபகம் எல்லாவற்றையும் கூட்டலாம், மாற்றலாம். இப்படி ஒவ்வொன்றாக மாற்றிய பிறகு அவன் அதே ஆள்தானா? இதுதான் அவருடைய கேள்வி. கடைசியில் கையை உயர்த்திச் சொன்னார்: “உடம்பே மாறிப்போன பிறகு சாதி எங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்? நாம் முந்நூறு வருஷமாகப் பேசி ஒழிக்க முடியாததைத் தொழில்நுட்பம் ஒழித்துவிடும்.” மண்டபத்தில் ஒரே கைதட்டல். என்னோடு வந்த பையன்களும் தட்டினார்கள்.

நடுவில் அவர் ஒரு கதை சொன்னார். ஜான் லாக் என்ற இங்கிலாந்துத் தத்துவவாதி 1694இல் எழுதியது. ஒரு இளவரசனின் உயிர், அவனுடைய நினைவுகளோடு சேர்ந்து, ஒரு செருப்புத் தைக்கிறவனின் உடம்புக்குள் புகுந்துவிடுகிறது. இப்போது அங்கே உட்கார்ந்திருப்பது யார்? லாக்கின் தீர்ப்பு: நினைவு யாருடையதோ அவனே அந்த நபர், ஆகவே இளவரசன். ஊர் உலகத்துக்கு மட்டும் அவன் பழைய செருப்புத் தைக்கிறவனாகவே தெரிவான்.

நான் எழுந்து கேட்டேன்: “ஐயா, செருப்புத் தைக்கிறவனோட உயிர் எங்க போச்சு?”

சிரித்தார். “அது இங்கே கேள்வி இல்லை தம்பி” என்றார். மண்டபமும் சிரித்தது.

அதுதான் கேள்வி. லாக்கின் கதையில் செருப்புத் தைக்கிறவனின் உயிர் அவன் உடம்பை விட்டுப் போய்விட்டது என்பது போகிறபோக்கில் ஒரு துணுக்காக வருகிறது. எப்படிப் போனது, ஏன் போனது, போக அவன் சம்மதித்தானா, ஒன்றும் கிடையாது. இளவரசனுக்கு இடம் காலி செய்து கொடுப்பதற்காகவே கதையில் பிறந்தவன் அவன். முந்நூறு வருஷமாக உலகப் பல்கலைக்கழகங்களில் இந்தக் கதையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லோரும் இளவரசனைத்தான் தேடுகிறார்கள். இதை எழுதிய லாக் யார்? ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர். 1669இல் அமெரிக்காவின் கரோலினா குடியேற்றத்துக்கு எழுதப்பட்ட அரசமைப்பு, கறுப்பின அடிமை மேல் எஜமானுக்கு முழு அதிகாரம் கொடுத்தது. அதன் வரைவில் செயலாளராக இவருடைய கையும் இருந்தது. ஒரு ஆளை ‘நபர்’ ஆக்குவது அவனுடைய நினைவுதான் என்றவருக்கு, கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவனுக்கும் நினைவு உண்டு என்பது நினைவுக்கு வரவில்லை.

சரி, வெள்ளைக்காரனை விடுவோம். கருத்தரங்கு நடந்தது சிதம்பரத்தில். மண்டபத்தை விட்டு வெளியே வந்து நிமிர்ந்தால் கோபுரம். இதே கேள்விக்கு இந்த ஊர் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே விடை எழுதி வைத்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் இரண்டு ஆட்களின் உடம்பு மாறுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நம் தமிழாசிரியர்கள் அப்படி வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை.

முதல் ஆள் திருமூலர். கைலாயத்திலிருந்து வந்த சிவயோகி. காவிரிக் கரையில் சாத்தனூரில் மாடு மேய்க்கும் மூலன் செத்துக் கிடக்கிறான். மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. யோகி மனம் இரங்கித் தன் உடம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறார். சாயங்காலம் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் வருகிறார். மூலனின் மனைவி ஓடிவந்து தொடப் போகிறாள். எனக்கும் உனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்கிறார். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள். பெரியவர்கள் வந்து பார்த்து, இவர் பெரிய யோகி, உனக்கு எட்டாதவர், விட்டுவிடு என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். லாக்கின் ஊர் இளவரசனை அடையாளம் காணவில்லை. சாத்தனூரோ ஒரே ராத்திரியில் கண்டுகொண்டது! இடையனின் உடம்பு, இடையனின் முகம். ஆனாலும் யோகி யோகிதான். யாரும் அவரை நெருப்பில் இறங்கச் சொல்லவில்லை. நாயன்மார் வரிசையில் இடம், திருமந்திரம் மூவாயிரம்.

(அந்தப் பொம்பளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசில்லை. புருஷன் செத்தான், ஆனால் பிணம் நடந்து வருகிறது. தாலியை அறுப்பதா வைத்துக்கொள்வதா? ஒப்பாரி வைக்கக்கூட அவளுக்கு வழியில்லை. மாடுகளுக்கு இரங்கிய யோகிக்கு அவள் கண்ணில் படவே இல்லை.)

இரண்டாவது ஆள் நம்ம ஆள். கொள்ளிடக் கரை ஆதனூர்ப் புலைச்சேரியில் பிறந்த திருநாளைப்போவார், நந்தன். கோயில் முரசுக்குத் தோல் கொடுத்தவன், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தவன். அவன் உரித்துப் பதம் பண்ணிய தோல் சன்னிதி வரைக்கும் போனது. அவன் போக முடியவில்லை. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று பேரே அப்படி ஆகிப்போனவன். கடைசியில் தில்லைக்கு வந்து எல்லையிலேயே நிற்கிறான். சிவன் கனவில் வருகிறார். இந்தப் பிறவி நீங்க நெருப்பில் மூழ்கி வா என்கிறார். தில்லைவாழ் அந்தணர்களின் கனவிலும் போய்த் தீ மூட்டச் சொல்கிறார். தெற்கு வாசலுக்கு வெளியே தீ வளர்க்கிறார்கள். நந்தன் இறங்குகிறான். மார்பில் பூணூலோடு ஒரு முனிவர் வெளியே வருகிறார். அந்தணர்கள் கும்பிடுகிறார்கள். உள்ளே போகிறார், அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

நந்தனை எரித்துக் கொன்றார்கள் என்று நம்மவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்த வழக்கை நான் இங்கே நடத்தப் போவதில்லை. புராணம் சொல்வதை அப்படியே வைத்துக்கொண்டு பேச்சாளரின் கேள்வியைத்தான் கேட்கிறேன். நெருப்பிலிருந்து வந்தது யார்? நந்தன்தான் என்றால் எதற்கு நெருப்பு? நந்தன் இல்லை என்றால் கோயிலுக்குள் போனது யாரோ ஒருவர். நந்தன் இன்னும் வெளியேதானே நிற்கிறான்?

உடம்பை உயர்த்தும் தொழில்நுட்பம் என்கிறார்களே, நம்ம ஜில்லாவில் அதன் முதல் பட்டறை அந்தத் தெற்கு வாசல். மேலேயிருந்து கீழே இறங்கியவருக்கு உடம்பு ஒரு சட்டை. எதைப் போட்டுக்கொண்டாலும் அவர் அவர்தான். கீழேயிருந்து மேலே போகப் பார்த்தவனுக்கு உடம்பே குற்றப்பத்திரிகை. அதைக் கொளுத்தினால்தான் கதவு திறக்கும். ‘அதே ஆள்தானா’ என்ற கேள்வியை மேலே இருக்கிறவன் தத்துவமாகக் கேட்கிறான். நம்மிடம் அது வாசலில் நிற்கிற காவல்காரன் கேட்கிற கேள்வியாக வருகிறது.

உடம்பு மாறினால் பாகுபாடு போய்விடும் என்பதற்கு ஒரு சோதனை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1968 ஜனவரி 2, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன். நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த காலம். டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட், பிலிப் பிளைபெர்க் என்ற வெள்ளைக்காரப் பல் மருத்துவருக்கு மாற்று இதயம் பொருத்தினார். இதயம் யாருடையது? கிளைவ் ஹாப்ட் என்ற 24 வயது இளைஞனுடையது. அரசாங்கப் பதிவேட்டில் அவன் ‘கலப்பு நிறத்தவன்’. பிளைபெர்க் 1969 ஆகஸ்ட் வரை, பத்தொன்பது மாதம், அந்த இதயத்தோடு வாழ்ந்தார். அந்தப் பத்தொன்பது மாதமும் ஹாப்டின் இதயம் வெள்ளையர் மட்டும் போகலாம் என்ற கடற்கரைக்குப் போகலாம், வெள்ளையர் பெஞ்சில் உட்காரலாம். ஹாப்டின் சொந்தபந்தங்கள் போக முடியாது. உள்ளே துடித்தது யாருடையது என்று ஒரு போலீஸ்காரனும் கேட்கவில்லை. ஆட்களை நிறம் பிரித்துப் பதிந்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் 1991இல்தான் ரத்தானது. அதை ரத்து செய்தது இதய ஆபரேஷன் இல்லை. தெருவில் நின்றும் ஜெயிலில் கிடந்தும் போராடிய மக்கள்.

எங்க பெரியப்பா கதையும் இதுதான். கரும்பு லாரி ஏறி வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. ரெண்டு வருஷம் கட்டை ஊன்றி நடந்தார். அப்புறம் ஒரு முகாமில் ஜெய்ப்பூர் கால் கிடைத்தது. அந்தக் காலைப் பற்றி நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற டாக்டரும் சேர்ந்து செய்தது. வெளிநாட்டுச் செயற்கைக் காலுக்குப் பூட்ஸ் வேண்டும், நாற்காலி வேண்டும். இது சம்மணம் போட்டு உட்காருகிறவனுக்கும், குந்துகிறவனுக்கும், வெறுங்காலோடு சேற்றில் நடக்கிறவனுக்கும் என்று செய்தது. பெரியப்பா அதைப் போட்டுக்கொண்டு மறுபடி கரும்புக் கொல்லையில் இறங்கினார். தொழில்நுட்பத்துக்கு நான் எதிரி இல்லை என்பதற்கு அந்தக் கால் சாட்சி. அங்கே மனுசனுக்காகக் கால் மாறியது. காலுக்காக மனுசனை மாறச் சொல்லவில்லை.

ஆனால் புதுக்காலோடு அவர் நடந்து போன டீக்கடையில் என்ன நடந்தது? பக்கத்து ஊர்க் கடை, பேர் வேண்டாம். எல்லோரும் காலைப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், பேண்ட் போட்டால் தெரியாது என்றார்கள். டீ மட்டும் எப்போதும் போலத் தனி கிளாசில் வந்தது. “ஏம்பா, காலு ஜெய்ப்பூர்ல செஞ்சது, அதுக்கு இன்னா சாதி?” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரன் பதில் சொல்லவில்லையாம். இது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது எல்லோருக்கும் பேப்பர் கப்.

சாதி ஒரு மனநிலை, செங்கல் சுவர் போல இடித்துத் தள்ளக்கூடிய பொருள் இல்லை என்பதை அம்பேத்கர் 1936இலேயே ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் விளக்கிவிட்டார். அது பார்க்கிறவனின் மண்டையிலும், அவனை அப்படிப் பார்க்கப் பழக்கிய சாஸ்திரத்திலும் இருக்கிறது. அப்படியிருக்கத் திருத்துவதற்கு எப்போதும் நம்ம உடம்பையே ஏன் மேசையில் படுக்க வைக்கிறீர்கள்? 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்று வந்து, 2020இல் பேரை மட்டும் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்ட களிம்பு நம்ம பெண்களின் முகத்தில் நடத்திய வேலையும் இதுதானே? கருத்தரிப்பு மையத்தில் விந்து கொடுத்தவன் என்ன சாதி என்று விசாரிக்கிற தம்பதிகளைப் பற்றிப் பத்திரிகைகளிலேயே வந்திருக்கிறது. இவர்கள் கையில் மரபணுக் கத்திரி கிடைத்தால் எதை வெட்டுவார்கள், எதை ஒட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மலக்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2018இல் திருவனந்தபுரத்தில் ‘பாண்டிகூட்’ என்ற எந்திரம் சாக்கடைக்குள் இறங்கியது. 2022இல் சென்னை ஐஐடியின் ‘ஹோமோசெப்’ வந்தது. மனுசன் இறங்கத் தேவையில்லை என்பதை இரண்டும் காட்டிவிட்டன. அப்புறமும் ஆள் இறங்குகிறான், விஷவாயுவில் சாகிறான். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. நாளைக்கே விஷவாயுவைத் தாங்குகிற நுரையீரல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் யாருக்குப் பொருத்துவார்கள்? பணக்காரனுக்கு இல்லை. இலவசமாக, முகாம் போட்டு, நமக்குத்தான். ‘உயர்த்தப்பட்ட’ உடம்போடு அதே குழிக்குள் இறக்குவார்கள். இனி சாகமாட்டான், எந்திரம் எதற்கு என்பார்கள்.

நம்ம பக்கம் இருக்கிற கோளாறையும் சொல்லிவிடுகிறேன். படித்து வேலைக்குப் போன நம்மவர்கள் சிலர் பிள்ளைகளிடம் “நாம மாறிக் காட்டணும்டா” என்று சொல்கிறார்கள். பேச்சை மாற்று, பேரை மாற்று, மாட்டுக்கறியை விடு, நிறத்தைக்கூடக் கொஞ்சம் மாற்று. இதுவும் தெற்கு வாசல்தான், நெருப்பு மட்டும் சிறியது. ஆனால் அதே சிதம்பரத்தில் நந்தன் பேரில் சுவாமி சகஜானந்தர் 1916இல் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அங்கே சேர்ந்த சேரிப் பிள்ளைகளை யாரும் கொளுத்தவில்லை. சேரிப் பிள்ளைகளாகவே போய், எழுதப் படிக்கத் தெரிந்த சேரிப் பிள்ளைகளாக வெளியே வந்தார்கள்.

கருத்தரங்கு முடிந்து சாயங்காலம் பாசஞ்சரில் திரும்பினோம். கைதட்டிய பையன்களில் ஒருத்தன் பரங்கிப்பேட்டை தாண்டியதும் கேட்டான்: “அண்ணே, அந்தச் சில்லு இலவசமாக் குடுத்தா நீங்க வச்சுக்குவீங்களா?”

“பெரியப்பாகிட்டக் கேளுடா” என்றேன்.

மறுநாள் நிஜமாகவே போய்க் கேட்டிருக்கிறான். பெரியப்பா காலைக் கழற்றித் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாராம்: “வச்சிக்கலாம்டா. ஆஸ்பத்திரியில எங்காலை வெட்டுனாங்களே, அத எங்கடா போட்டாங்க? எல்லார் காலு கையோடயும் ஒண்ணாப் போட்டு எரிச்சிட்டோம்னு சொன்னாங்க. நான் செத்தா இந்தப் பக்கம் தனிச் சுடுகாடு. அந்தக் காலு மட்டும் தப்பிச்சிப் போயிருச்சு.”