கடைசியாக வருபவரின் வேகம்

மணாலியிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையில், சர்ச்சுவைக் கடந்தபின் வருவன 21 கட்டா வளைவுகள். நண்பர்களாகக் கூடி மிதிவண்டியில் செல்வோரின் கூட்டுறவை அந்த ஒரு நாள் ஏற்றம் சோதித்துவிடுகிறது.

சமவெளியில் முன்னே செல்பவர் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்வதால் பின்தொடர்பவருக்கு உழைப்பு குறைகிறது. ஏற்றத்தில் வேகம் தளர்வதால் அவ்வுதவி ஏறத்தாழ இல்லாமற் போகிறது. நக்கி லா கணவாயை நெருங்கும்போது உயரம் 4,700 மீட்டரை ஒட்டியது. காற்றழுத்தமோ கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே மிஞ்சும். அங்கு ஒருவர் மற்றவருக்குத் தரக்கூடியவை காத்திருத்தலும் உடன் இறங்குதலுமே.

பல குழுக்கள் தவறுவது இங்கேதான். வலியவர் முன்னேறிவிட, தலைவலியும் குமட்டலும் கண்டவர், தம்மால் பிறர் பயணம் கெடலாகாதென்று மறைக்கிறார். உயரநோய் உடல்வலிமை பார்த்து வருவதன்று. மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்தால் உயிருக்கே கேடு. கீழிறங்குதலே முதல் மருந்து.

அவ்வளைவுகளில் தண்ணீர்ப் புட்டிகள் குவிந்த சிறு நினைவிடம் ஒன்றுண்டு. பழுதான லாரிக்குக் காவலாகத் தனித்து விடப்பட்ட கிளீனர் அங்கே இறந்தார் என்பது வழிவழிக் கதை. அவருக்குத் தண்ணீர் வைத்து வணங்குவோர், தம் தோழரை இரண்டு வளைவுகளுக்குப் பின்னே விட்டுவிட்டு வந்திருப்பது முரண்.

குழுவின் வேகத்தைக் கடைசியாக வருபவரே தீர்மானிக்க வேண்டும். தேர்ந்த ஒருவர் அவருக்கும் பின்னே வர வேண்டும். திரும்பிவிடலாம் என்பது இழுக்கன்று எனப் புறப்படுமுன்பே பேசி முடிக்க வேண்டும். கணவாயை ஒரு மணி நேரம் தாமதமாக அடைவதால் எவரும் எதையும் இழப்பதில்லை.