ஓலைக் கூரைக்கு எட்டாயிரம், ஓட்டுக் கூரைக்கு ஒரு லட்சமா?

சித்திரை வெயிலில் கீற்றுக் குடிசை எப்படி இருக்கும் என்று நமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேய்ந்து இரண்டு வருஷமான கூரையில் கை வைத்தால் ஓலை பொடியாக உதிரும். பழவேற்காட்டுக் கரையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழும்பும். அந்த நேரத்தில் எந்த வீட்டு அடுப்பிலாவது கனல் மிச்சமிருந்தால் வரிசை முழுவதும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பொன்னேரி வட்டத்தில், ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களில், 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கான்கிரீட் வீடுகள் பல கட்டப்பட்டன. இது உண்மை, நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடுகளின் வரிசை முடிகிற இடத்தில் குடிசைகள் ஆரம்பிக்கின்றன. மகனுக்குக் கல்யாணமாகித் தனிக் குடித்தனம் போனால் அவனுக்குக் கீற்றுதான். ஏரிச் சேற்றில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும் கீற்றுதான். உள்ளே தள்ளி நெல் வயல்களின் ஓரத்தில் இருக்கும் விவசாயக் கூலிகளுக்கும் பெரும்பாலும் அதேதான்.

ஒரு கூரையில் தீப்பொறி விழுந்தால் என்ன நடக்கிறது? பக்கத்துக் குடிசைக்காரன் தன் கூரையைத் தானே பிய்த்து எறிகிறான். வேறு வழியில்லை, நடுவில் இடைவெளி விட்டால்தான் அதற்கடுத்த குடிசையாவது மிஞ்சும். பெண்கள் குடத்தோடு ஏரிக்கு ஓடுகிறார்கள். கூப்பிடு தூரத்தில் ஒரு ஏரி நிறையத் தண்ணீர் கிடக்கிறது, இறைத்து அடிக்க ஒரு பம்பு இல்லை! தீயணைப்பு வண்டி பொன்னேரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் வரவேண்டும். வந்து சேர்ந்தாலும் மணல் சந்தில் திரும்ப இடமிருக்காது. வண்டியில் வருகிற தொழிலாளரை நாம் ஒரு சொல் குறை சொல்லமாட்டோம். அவர்களும் சம்பளத்துக்கு உயிரைப் பணயம் வைக்கிறவர்கள்தான். ஆனால் அவர்கள் வருவதற்குள் ஓலை எரிந்து முடிந்துவிடுகிறது.

எரிவது ஓலை மட்டுமா? மூலையில் சுருட்டி வைத்த நைலான் வலை உருகிக் கறுப்புக் கட்டியாகிறது. வலை இல்லாத மீனவன் மறுநாள் யாருடைய படகிலாவது கூலிக்கு ஏறவேண்டும். மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி எடுத்த வலை அது. வலை எரிந்துபோகும், முன்பணக் கணக்கு எரியாது. அடுத்த நாள் பிடிக்கும் மீனையும் அவர் சொன்ன விலைக்கே போடவேண்டும். டிரங்குப் பெட்டியில் இருந்த ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழ், சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணம், எல்லாம் சாம்பல். நான் இன்னார், இந்த ஊரில் இருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி கேட்டால், அத்தாட்சியும் வீட்டோடு போயிற்று என்றுதான் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் அந்தப் பதிலை எழுதிக்கொள்ள ஆபீசில் பாரம் கிடையாது.

பிறகு வி.ஏ.ஓ. வருகிறார், வருவாய் ஆய்வாளர் வருகிறார், சில சமயம் தாசில்தாரும் வருகிறார். அரிசி, வேட்டி, சேலை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். காரணம் கேட்டால் ‘மின்கசிவு’ என்ற ஒரே சொல்லில் விசாரணை முடிந்துவிடுகிறது. மின்சாரம் கசிந்ததா, அடுப்பு கசிந்ததா என்பதல்ல விஷயம். ஓட்டு வீட்டிலும் மின்சாரம் கசிகிறது. ஊர் எரிவதில்லையே!

நிவாரணக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய சர்க்கார் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. புயல், வெள்ளம், சுனாமியோடு தீ விபத்தும் அதில் உண்டு. 2022 முதல் 2026 வரைக்கும் என்று வகுத்த பட்டியலில், சமவெளியில் ஒரு வீடு முழுவதும் அழிந்தால் 1,20,000 ரூபாய். மலைப் பகுதியில் 1,30,000. ஒரு குடிசை அழிந்தால் 8,000 ரூபாய்! ஓலை, மண், பிளாஸ்டிக் தாள் கொண்டு போட்ட தற்காலிகக் குடில்தான் குடிசை என்று விளக்கமும் தந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகுதான் குடிசைக்கான தொகை 5,000-லிருந்து 8,000 ஆக உயர்த்தப்பட்டது.

ஓட்டு வீட்டில் ஒரு குடும்பம். குடிசையிலும் ஒரு குடும்பம். இரண்டிலும் அப்பா, அம்மா, பிள்ளைகள், ஒரு கிழவி. தீ இரண்டையும் ஒன்றுமில்லாமல் ஆக்குகிறது. ஒன்றுக்குக் கிடைப்பது மற்றதைவிடப் பதினைந்து மடங்கு! இருந்தவனுக்கு இருந்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம், இல்லாதவனிடம் என்ன இருந்தது என்பதுதான் இந்தப் பட்டியலின் தர்மம். அதாவது குடிசை எரிந்தால் மறுபடியும் குடிசையே போட்டுக்கொள்ளப் பணம் தருகிறார்கள். மூங்கில், கீற்று, கயிறு, கூலி எல்லாம் போக, மறு சித்திரைக்கு எரிய இன்னொரு கூரை தயார்.

ஓலைக் கூரை ஆபத்து என்பது சர்க்காருக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் கருகிச் செத்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நல்ல உத்தரவு. ஆனால் பகலில் கான்கிரீட் கூரையின் கீழ் படிக்கிற அதே குழந்தை ராத்திரியில் எந்தக் கூரையின் கீழ் தூங்குகிறது?

விவசாயக் கூலிகளுக்கு இந்தக் கூரையைப் பற்றி வேறொரு ஞாபகமும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள், பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர், ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அந்த வழக்கில் மிராசுதார்களுக்குக் கீழ்க்கோர்ட்டு கொடுத்த தண்டனையை 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கூரை ஓலையாக இருக்கிறவரை உழைப்பாளி காற்றின் தயவிலும் இருக்கிறான், பகைவனின் தயவிலும் இருக்கிறான்.

“தீ என்ன ஏழை, பணக்காரன் பார்த்தா எரிக்கிறது? அமெரிக்காவில் பங்களாக்களே எரியவில்லையா?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எரிந்தது உண்மைதான். கலிபோர்னியாவில் மலையடிவாரத்துப் பைன் காட்டுக்குள் பாரடைஸ் என்று ஒரு சிற்றூர். சொர்க்கம் என்று அர்த்தம். ஓய்வுபெற்றவர்கள் வந்து குடியேறிய ஊர். 2018 நவம்பர் 8 அன்று அது சில மணி நேரத்தில் எரிந்து 85 பேர் இறந்தார்கள். காரணம் மின்சாரக் கம்பெனியின் கம்பத்தில் ஏறக்குறைய நூறு வருஷமாக மாற்றாமல் விட்ட ஒரு கொக்கி! தேய்ந்து முறிந்து, கம்பி விழுந்து காடு பற்றியது. 84 மரணங்களுக்குத் தானே குற்றவாளி என்று அந்தக் கம்பெனி 2020-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை, அபராதத்தோடு முடிந்தது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தபோது சில பணக்காரர்கள் தங்கள் வீடுகளைக் காக்கத் தனியார் தீயணைப்பு ஆட்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அதே தீக்குள் சிறைக் கைதிகளையும் இறக்கினார்கள். அவர்களுடைய அடிப்படைக் கூலி ஒரு நாளைக்கு 5.80-லிருந்து 10.24 டாலர் வரை. தீ ஆள் பார்ப்பதில்லை. தீயை அணைக்கிற ஏற்பாடு ஆள் பார்க்கிறது. அமெரிக்காவிலும் அப்படித்தான், பழவேற்காட்டிலும் அப்படித்தான்.

குடிசையே இல்லாத தமிழ்நாடு என்று நாம் எத்தனை தடவை கேட்டுவிட்டோம்! 2010-ல் 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டில் கான்கிரீட் வீடாக்குவோம் என்றார்கள். 2011-ல் ஆட்சி மாறியது. அந்தத் திட்டம் போய்ச் சூரிய சக்திப் பசுமை வீடு வந்தது. 2024-ல் மறுபடியும் கணக்கெடுத்து, 2030-க்குள் 8 லட்சம் வீடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று கலைஞரின் கனவு இல்லம் வந்தது. கட்டிக் கொடுத்த வீடுகளை நாம் வரவேற்கிறோம். மூன்றரை லட்சம் என்பது இரக்கத் தொகையல்ல, வீடு கட்டுகிற தொகை. ஆனால் அங்கேயும் வாசலில் ஒரு பூட்டுத் தொங்குகிறது. அதன் பெயர் பட்டா.

சொந்த இடமோ பட்டாவோ உள்ளவனுக்குத்தான் வீடு. ஏரிக்கரைப் புறம்போக்கில் இரண்டு தலைமுறையாகக் குடியிருக்கிறவன் என்ன செய்வான்? 1980-ல் ஏரி பறவைகள் சரணாலயமானது. 1991-ல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. பறவை வாழட்டும், கடற்கரையும் வாழட்டும்; மீனவன் அதற்கு விரோதியல்ல. இரண்டு சென்ட் மனைக்கு இத்தனை விதிகள் குறுக்கே நிற்கும்போது, பக்கத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் மட்டும் எப்படி மேஜை மேல் ஏறியது என்றுதான் கேட்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது தர்மமல்ல. எரிந்த குடிசைக்கும் எரிந்த வீட்டுக்கும் ஒரே தொகை வேண்டும். தீயில் குடிசை போன குடும்பத்துக்கு, இருந்த இடத்திலோ அருகிலோ மனைப் பட்டா கொடுத்து, வீட்டுத் திட்டப் பட்டியலில் முதலில் சேர்க்கவேண்டும். ரேஷன் கார்டும் ஆதாரும் மறுபடி வாங்க ஜனங்களை அலையவிடாமல், அதிகாரிகள் எரிந்த இடத்துக்கே வந்து எழுதித் தரவேண்டும். குப்பத்துக்கு ஒரு டீசல் பம்பும் நீளக் குழாயும் கொடுத்து, ஓட்டத் தெரிந்த நாலு வாலிபர்களிடம் ஒப்படைக்கவேண்டும். படகு என்ஜினை ஓட்டுகிறவனுக்குப் பம்பு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு பொழுது போதும்.

மே 1 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். கத்திரி வெயில் அதற்குப் பிறகுதான் உச்சத்துக்குப் போகும். அதற்குள் ஒவ்வொரு குப்பத்திலும் சேரியிலும் தோழர்கள் கீற்றுக் குடிசைகளை எண்ணுங்கள். பட்டா உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று தனித்தனியாக எழுதிக்கொண்டு போய்ச் சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்று உரக்க வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.