கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்!

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். “எங்கள் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து, தனியாக வசிக்கும் 12 முதியவர்களுக்குத் தினமும் மதியச் சாப்பாடு கொடுக்கிறோம். கையிருப்பு கரைந்துகொண்டே வருகிறது. நன்கொடை கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால், கைகூப்பும் ஈமோஜிதான் வரிசையாக வருகிறது, பணம் வரவில்லை. மனசைத் தொடுகிற மாதிரி எப்படி எழுதுவது?”

அவர் அனுப்பிய செய்தியையும் இணைத்திருந்தார். ‘கடந்த ஆண்டு 4,380 சாப்பாடு வழங்கியுள்ளோம். விலைவாசி உயர்வால் சிரமப்படுகிறோம். தாராளமாக உதவுங்கள்.’ கீழே வங்கிக் கணக்கு எண். எல்லாம் சரிதான். ஆனால், அதில் ஒரு மனுஷர்கூட இல்லையே!

அமெரிக்காவில் 2007-ல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்தது. ஒரு கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்தவர்களுக்கு 5 டாலர் கொடுத்து, ‘இதிலிருந்து விரும்பியதைக் குழந்தைகள் நல அமைப்புக்குக் கொடுக்கலாம்’ என்றார்கள். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் பசியில் வாடும் புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். மாலி நாட்டின் ரோகியா என்ற 7 வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் 2.38 டாலர் கொடுத்தார்கள். சரி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் கூடுமே என்றுதானே தோன்றும்? 1.43 டாலர்தான் வந்தது. புள்ளிவிவரம் பக்கத்தில் வந்து நின்றதுமே ரோகியா மங்கிப்போய்விட்டாள்.

ஆக, கதை வேண்டும். அதுவும் ஒருவருடைய கதை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் கதையே அப்படித்தானே தொடங்குகிறது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனைக்குப் பின்னால், ஓர் அக்காவின் துக்கம் இருந்தது. அது அவருடைய சொந்தக் கதை. அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

நான் சொன்னது என்னுடைய கதை இல்லை. அங்கேதான் தவறினேன்.

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு மாலை நேர டியூஷன் மையத்துக்கு வாரம் இரண்டு நாள் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். பழைய கம்ப்யூட்டர்களை மாற்றப் பணம் தேவைப்பட்டது. “நீங்கதான் பத்திரிகையில எழுதுறவங்களாச்சே” என்று நன்கொடைக் கடிதத்தை என் தலையில் கட்டினார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினேன். பூ கட்டும் அம்மா, குடிக்கும் அப்பா, ஒற்றை விளக்கு எரியும் வீடு. கூடவே அவள் போட்டோ. பத்தே நாளில் தேவைக்கு மேலேயே பணம் சேர்ந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து அவள் டியூஷனுக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். அம்மா பூ கட்டிக்கொண்டே பேசினார். கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “நல்லாத்தான் எழுதியிருக்கீங்கம்மா. படிச்சவங்கல்லாம் அழுதாங்களாம். ஆனா அவங்கப்பா குடியை விட்டு எட்டு மாசமாச்சு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே.”

உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. “கிளாஸ்ல என்னை ‘டொனேஷன்’னு கூப்பிடுறாங்க மிஸ்.”

மன்னிப்புக் கேட்டேன். போட்டோவை நீக்கச் சொன்னேன். ஆனால், ஃபார்வேர்டு ஆனதைத் திரும்ப அழைக்க முடியுமா? எட்டு மாசம் தன்னோடு போராடி ஜெயித்த ஒரு மனுஷரை, நான் ஊர் முழுக்கக் குடிகாரராகவே நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகு எனக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். வாசகிக்கும் அவற்றையே சொல்கிறேன்.

யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ, அவரிடம் முதலில் கேளுங்கள். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். ‘இந்த வரி வேண்டாம்’ என்றால், அது எவ்வளவு உருக்கமான வரியாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். உங்களிடம் சாப்பாடு வாங்குகிறவர் ‘முடியாது’ என்று சொல்லத் தயங்குவார். அதனால், ‘வேண்டாம்னாலும் சாப்பாடு வரும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெயரை மாற்றுங்கள், மாற்றியிருப்பதையும் சொல்லுங்கள். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஆதரவும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிட, 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே தடை விதிக்கிறது.

அவரிடம் இல்லாததை மட்டும் அடுக்காதீர்கள். அவர் யார் என்பதையும் எழுதுங்கள். உதாரணத்துக்கு, நான் எழுதிப் பார்த்த மாதிரி இது:

‘ராமாயிப் பாட்டிக்கு (பெயர் மாற்றம்) 74 வயது. இதே தெருவில் இட்லிக் கடை வைத்திருந்தவர். முழங்கால் வலியால் இப்போது அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை. எங்கள் ரசத்தைக் குடித்துவிட்டு, “புளி தூக்கலா இருக்கு” என்று தினமும் குறை சொல்வார். ஒரு சாப்பாட்டுக்கு 45 ரூபாய் ஆகிறது. 1,350 ரூபாய் கொடுத்தால் பாட்டியைப் போன்ற ஒருவர் ஒரு மாதம் சாப்பிடுவார்.’

உங்கள் தெருப் பாட்டியிடம் கேட்டு, உண்மையான விவரத்தை நிரப்பிக்கொள்ளுங்கள். ‘பாட்டியைப் போன்ற ஒருவர்’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பணம் 12 பேருக்கும் பொது என்றால், அதை மறைக்கக் கூடாது.

அப்போ கணக்கு? கண்டிப்பாக வேண்டும். ஆனால், 4,380 சாப்பாட்டுக் கணக்கைப் பணம் கொடுத்தவர்களுக்கு, ரசீதோடு, தனியாக அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து, ‘பாட்டி இப்போது சாம்பாரையும் குறை சொல்கிறார்’ என்று ஒரு வரி எழுதுங்கள். பணம் கேட்கும்போது மட்டும் வருகிற கடிதத்தை யாரும் விரும்புவதில்லை.

அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்து டியூஷனுக்குத் திரும்பி வந்தாள். அவள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம், நன்கொடைக் கடிதத்தை நான் எழுதவில்லை. “நான் எழுதட்டுமா மிஸ்?” என்று அவளே கேட்டு எழுதினாள். அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. டியூஷன் அறையின் மின்விசிறி போடுகிற சத்தத்தில், கணக்கு மிஸ் சொல்வது பாதி காதில் விழாமல், தான் 27-க்குப் பதில் 37 என்று எழுதிய கதையை எழுதியிருந்தாள். கீழே அவளே கையெழுத்துப் போட்டாள்.

என் கடிதத்துக்கு வந்ததில் பாதித் தொகைதான் வந்தது. மின்விசிறி மாற்ற அது போதுமானதாக இருந்தது.