சத்தம் இருக்கிறது, சொல் புரியவில்லை!

பெரிய மண்டபம். மேடையில் ஒருவர் பேசுகிறார். முன்வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். கடைசி வரிசையில் இருப்பவர்களோ, "என்ன சொன்னார்?" என்று ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள். உடனே 'மைக் செட்'காரர் சத்தத்தைக் கூட்டுகிறார். அப்போதும் புரிவதில்லை!

குறை சத்தத்தில் இல்லை. சத்தம் போகும் வழியில் இருக்கிறது.

ஒற்றை ஸ்பீக்கரில் இருந்து வரும் ஒலி மேலும் கீழும் பக்கமும் பரவுகிறது. ஒரு பகுதிதான் மக்கள் காதுக்கு நேராக வருகிறது. மீதி கூரையிலும் சுவரிலும் மோதித் திரும்புகிறது. ஒரு சொல் அடங்கும் முன் அடுத்த சொல் அதன் மேல் விழுகிறது. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். பிறகு எப்படிப் புரியும்?

குளத்து அலை

இதற்கு நல்ல வழி உண்டு. சிறிய ஸ்பீக்கர்கள் பலவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக, நெருக்கமாக, ஒரே பெட்டியில் அடுக்க வேண்டும். பார்ப்பதற்குத் தூண் போல இருக்கும்.

குளத்தில் ஒரு கல்லைப் போட்டால் அலை வட்டமாகப் பரவும். பல கற்களை வரிசையாக, ஒரே நேரத்தில் போட்டால்? வரிசைக்கு நேர் எதிரே அலைகள் ஒன்று சேர்ந்து வலுக்கும். வரிசையின் இரு முனைப்பக்கமும் ஓர் அலையின் மேடு மற்றோர் அலையின் பள்ளத்தில் விழும். அங்கே அலை அடங்கிப் போகும்.

ஸ்பீக்கர் தூணும் இப்படித்தான். நிமிர்ந்து நிற்கும் தூணின் ஒலி, கூரைக்கும் தரைக்கும் அதிகம் போகாது. பக்கவாட்டில் நன்றாக விரியும். மக்கள் உட்கார்ந்திருப்பது அங்கேதானே!

இன்னொரு நன்மையும் உண்டு. ஒற்றை ஸ்பீக்கரின் ஒலி, தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். நீளமான தூணுக்கு எதிரே, ஓரளவு தூரம் வரை, 3 டெசிபல்தான் குறையும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வித்தியாசம் சுருங்கும்.

லண்டனில் செய்தது

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் பிரம்மாண்டமான குவிமாடம் இருக்கிறது. ஆளில்லாத நேரத்தில் அங்கே எழும் ஒலி அடங்கப் பத்து விநாடிக்கு மேல் ஆகும். 1950-களின் தொடக்கத்தில் அங்கே சுமார் 11 அடி நீளமுள்ள ஸ்பீக்கர் தூண்களை வைத்தார்கள். பிரசங்கம் தெளிவாகக் கேட்டது.

அத்தனை நீளம் எதற்கு? விநாடிக்கு 1,000 முறை அதிரும் ஒலியின் அலை நீளம் சுமார் 34 சென்டிமீட்டர். 100 முறை அதிரும் கனத்த ஒலிக்கு 3.4 மீட்டர். அலையை விடத் தூண் நீளமாக இருந்தால்தான் ஒலி நன்றாகக் கட்டுப்படும். குட்டைத் தூண் கனத்த ஒலியைக் கட்டுப்படுத்தாது.

படுக்க வைக்காதீர்கள்!

இந்தப் பெட்டியைப் படுக்க வைத்து மாட்டுவது தவறு. அப்போது ஒலி கூரைக்கும் தரைக்கும் விரியும். பக்கங்களில் இருப்பவர்களுக்குக் குறைந்துவிடும். காசு கொடுத்து வாங்கியும் பயன் இல்லை!

மண்டபம் கட்டுகிறவர்கள் அலங்கார விளக்குக்கும் வண்ணப் பூச்சுக்கும் தாராளமாகச் செலவு செய்கிறார்கள். ஒலிக்கும் கொஞ்சம் யோசனை செலவு செய்யலாம். அதிகச் சத்தம் போடும் ஸ்பீக்கரைத் தேட வேண்டாம். கடைசி வரிசையில் ஒரு பெரியவரை உட்கார வைத்து, மேடையில் நாலு வரி படியுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொன்னால், அதுவே நல்ல ஒலிபெருக்கி!